எல்லா வீட்டிலும் ஒரே வருமானம்

முப்பத்திரண்டு வயதில் ஓய்வுபெற்றுவிட்டேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். என் வேலைக்கு அதுதான் ஓய்வு வயது என்று நானும் சிரித்துவிடுவேன். கல்லூரியை முடித்த கையோடு ஓர் ஆய்வு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டுக்கு ஒரு வருடத்தில் எவ்வளவு வருமானம் என்று கேட்டு எழுதுவதுதான் வேலை. அதே ஊர்கள், அதே கேள்வி, வருடா வருடம். பிறகு காகிதப் படிவம் போய், விரலால் தட்டி நிரப்புகிற டேப் வந்தது. அப்புறம், போனில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காத ஊர்களுக்கு மட்டும் ஆள் போனால் போதும், மற்ற ஊர்களைப் போனிலேயே கேட்டுவிடலாம் என்றார்கள். என்னை இருக்கத்தான் சொன்னார்கள். முகத்தைப் பார்க்காமல் கேட்ட வருமானத்துக்குக் கீழே என் பெயர் இருக்கக்கூடாது என்று வந்துவிட்டேன். இப்போது கோவில்பட்டியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன்.

போன மாதம் கனகா கூப்பிட்டாள். நான் வேலையை விட்ட வருடம் சேர்ந்த பெண். அழுதுகொண்டே பேசினாள்.

"அக்கா, நான் ஊருக்குள்ளயே போகாம டீக்கடைல உக்காந்து எழுதிட்டேன்னு சொல்லுதாங்க. திங்கக்கிழமைக்குள்ள காரணம் சொல்லணுமாம். இல்லன்னா டேப்பைக் கொண்டாந்து வச்சிட்டுப் போயிருன்னுட்டாங்க."

என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஓர் ஊரில் அவள் போன வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே வருமானம் வந்திருக்கிறது. ஒரு ரூபாய்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைக் கண்டதும் டேப்பில் இருக்கும் மென்பொருள் அந்த ஊருக்குச் சிவப்பு அடித்துவிட்டது.

எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னாள். அந்த ஊரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். கேட்ட வீட்டையும் ஊரையும் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான். வேலையை விட்டாலும் கையெழுத்து அழியவில்லை. பசுவந்தனைக்குத் தெற்கே, பஸ் எப்போதாவது எட்டிப்பார்க்கிற ஊர் என்பது மட்டும் போதும். அதே ஊரில், அதே மாதிரி, என் வேலையும் ஒருமுறை போகப் பார்த்தது.

கனகாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில் எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு நானும் வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் கேள்வி என்ன என்று சொல்ல வேண்டுமென்றால் என் கதையை முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா தீப்பெட்டி ஆலையில் குச்சி அடுக்கியவர், அப்பா லாரியில் மூட்டை ஏற்றியவர். வேலை கிடைத்துப் படம் ஒட்டிய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியதும், அதைப் போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போய் வா என்று அம்மா அனுப்பினார். சீனி வாங்க வேண்டிய தேதிகூட இல்லை அது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையிலிருந்து வந்தவர்கள் சுவரில் படம் காட்டினார்கள், மத்தியானம் பொட்டலத்தில் பிரியாணி கொடுத்தார்கள்.

வேலையின் சாரம் இதுதான். ஊரின் வருமானத்துக்கு நாங்கள் சராசரி எடுக்கமாட்டோம். ஒருவர் பட்டாசு ஆலை வாங்கிவிட்டால் ஊரின் சராசரி துள்ளி எழும். மற்ற வீடுகளில் அதே ரசம்தான் கொதிக்கும். அதனால் வீடுகளைக் குறைந்த வருமானத்திலிருந்து கூடிய வருமானம் வரை வரிசையாக நிறுத்தி, நட்டநடுவில் நிற்கிற வீட்டின் வருமானத்தை எடுப்போம். புத்தகத்தில் அதற்கு இடைநிலை என்று பெயர். எங்களுக்குள் நடுவீடு என்போம். போன வருடத்து நடுவீட்டுக்கும் இந்த வருடத்து நடுவீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் ஊர் மேலே போகிறதா கீழே போகிறதா என்பதற்கு எங்கள் பதில். அந்த வரிசையில் மாடி வீட்டுக்கும் ஓர் இடம்தான், தகர வீட்டுக்கும் ஓர் இடம்தான். வீடு என்பதும் கட்டிடம் இல்லை, அடுப்பு. ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு வீடு.

ஆனால் வருமானத்தை யாரும் உள்ளபடி சொல்வதில்லை. நானாக இருந்தாலும் சொல்லமாட்டேன். குழுக்கடன் வசூலிக்க வந்தவள் என்று கதவைச் சாத்துவார்கள். ரேஷன் அட்டையை வெட்ட வந்தவள் என்று வளையலைக் கழற்றி மடியில் செருகுவார்கள். குளத்தூர்ப் பக்கம் ஓர் அம்மா, மாப்பிள்ளை வீட்டுக்காக விசாரிக்க வந்தவள் என்று என்னை நினைத்துக்கொண்டு, இல்லாத உப்பளத்தை எல்லாம் சேர்த்துச் சொன்னார். ஆகவே நேராகக் கேட்பதை விட்டேன். மிளகாய் விற்ற பணத்தைக் கேட்காமல், மிளகாய்க்கு எத்தனை சாக்கு வாங்கினீர்கள் என்று கேட்பேன். கருவேல விறகை எரித்துக் கரிமூட்டம் போடுகிறவரிடம் லாபத்தைக் கேட்காமல், லாரி எத்தனை தடவை வந்தது என்பேன். ஆட்டை எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று ஆடு வளர்க்கிற வீட்டில் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார்கள். பேசிக்கொண்டே தொழுவுக்குப் பின்னால் கிடக்கிற புழுக்கைக் குவியலைப் பார்த்துக்கொள்வேன். கடைசியாக எரு எப்போது விற்றீர்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டால், அந்தத் தேதியையும் குவியலின் உயரத்தையும் வைத்து மந்தை எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சந்தேகம்தான் சொல்லித்தந்தது.

என் சந்தேகம் ஊரோடு நின்றது. எங்கள் மேற்பார்வையாளர் சண்முகவேல் சாருடைய சந்தேகம் எங்கள் மீதும் பாயும். குரலை உயர்த்தமாட்டார். எல்லோரையும் அம்மா, ஐயா என்றுதான் கூப்பிடுவார். ஒரே கேள்வியைக் காலையில் ஒரு மாதிரியும் மத்தியானம் வேறு மாதிரியும் கேட்டு, இரண்டு பதிலையும் மனத்தில் ஒட்டிப்பார்ப்பார். சோதனைக்குப் போகிற ஊரில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். குடித்தால் அந்த வீட்டுக்குச் சாதகமாகிவிடுவாராம். கேள்வி முடிவதற்குள் வருகிற பதிலை நம்பவே கூடாது என்பார்.

நாங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தால் முகத்தைப் பார்க்கமாட்டார், செருப்பைப் பார்ப்பார். மழைக்காலத்தில் கரிசல் மண் செருப்பில் ஏறினால் லேசில் இறங்காது. ஒவ்வொரு எட்டுக்கும் கனம் கூடிக்கொண்டே போய், கடைசியில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கும்படி ஆகிவிடும். செருப்பு சுத்தமாக இருந்தால், அந்த ஆள் ஊருக்குள் போகாமல் பஸ் நிற்கிற இடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பியிருக்கிறார் என்று பொருள். அப்படிச் செருப்பை வைத்தே சிலரை வீட்டுக்கு அனுப்பியவர் அவர்.

அந்த ஊருக்கு நான் முதல்முறை போனது ஒரு கார்த்திகையில். நல்ல மழை. வழக்கமாக விளைச்சல், ஆடு, கூலி என்று தனித்தனியாகக் கேட்டு, நாங்களே கூட்டி எழுதுவோம். அந்த நீளப் படிவத்துக்குச் செலவு கூடுகிறது என்று, அந்த வருடம் சுருக்கப் படிவம் கொடுத்தார்கள். அதில் ஒரே கேள்வி. மொத்த வருமானம் எவ்வளவு, அவ்வளவுதான். சொன்னதை எழுது, குறுக்குக் கேள்வி கேட்காதே என்பது உத்தரவு.

முதல் வீட்டில் ஓர் அம்மா சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நான் கேள்வியை முடிக்கவில்லை, தொகையைச் சொல்லிவிட்டார். அடுத்த வீட்டிலும் அதே தொகை. அதற்கடுத்த வீட்டில், டிராக்டர் நிற்கிற வீடு, அங்கேயும் அதே தொகை. எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. இன்னும் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள் என்று ஒரு வீட்டில் கேட்டுப்பார்த்தேன். அதான் சொல்லியாச்சே, எழுதிக்கோங்க டீச்சர் என்றார்கள். படித்த பெண் யாராக இருந்தாலும் அந்தப் பக்கம் டீச்சர்தான். ஒரு சில வீடுகளில் மட்டும் தொகை குறைந்து வந்தது. அதையும் எழுதிக்கொண்டேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பலசரக்குக் கடை அண்ணாச்சி, கேட்காமலேயே ஒரு கடலை மிட்டாயை எடுத்து நீட்டினார்.

"எல்லா வீடும் முடிஞ்சிட்டா? எல்லாரும் சரியாச் சொன்னாவளா?"

வாங்கி வாயில் போட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குள் இறங்கியது. சரியாகச் சொன்னார்களா என்று இவர் ஏன் கேட்கிறார்? திரும்பிக் கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

எங்கள் அலுவலகத்தில் அப்போதுதான் வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார்கள். மண்ணோடு அதில் ஏறி, கூட்டுகிற அம்மா என்னை மேலும் கீழும் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. ஆலை முதலாளி வீட்டுத் தரை அழுக்காகிவிடும் என்று என் அம்மா வாசல்படிக்கு வெளியிலேயே நின்று பேசியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் பஸ் ஸ்டாண்டுக் குழாயில் செருப்பைத் தேய்த்துக் கழுவி, பளிச்சென்று உள்ளே போனேன்.

சார் என் செருப்பைப் பார்த்தார். பிறகு படிவங்களைப் பார்த்தார். மறுபடியும் செருப்பைப் பார்த்தார்.

"செருப்பு புதுசாம்மா?"

"இல்ல சார். கழுவிட்டு வந்தேன்."

"எதுக்கும்மா?"

அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சும்மா என்றேன். அவர் கைக்குட்டையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் என்னிடம் சொல்லாமலே அந்த ஊருக்குப் போய் வந்தார். சாயங்காலம் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சில வீடுகளில் தானே கேட்டதாகவும், நான் எழுதின தொகையையே சொன்னார்கள் என்றும் சொன்னார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"அதுதாம்மா எனக்குப் பிடிக்கல," என்றார். "உண்மையா இருந்தா ரெண்டாவது தடவை கேக்கும்போது கொஞ்சமாவது மாறும். போன தடவை மறந்த ஆட்டுக்குட்டி இப்ப ஞாபகம் வரும். இவங்க பாடம் படிச்ச மாதிரிச் சொல்லுதாங்க. யாரு படிச்சுக் குடுத்தா?"

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இந்த வாரத்துக்குள் காரணத்தைக் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் இந்த ஊரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவேன், ஊரோடு உங்கள் பெயரையும் அடிக்க வேண்டியிருக்கும் என்று, தேநீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னார்.

அன்றைக்கு வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அடையாள அட்டையை அம்மா ஆணியில் தனியாக மாட்டி வைத்திருப்பார். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். பொய் எழுதியவள் என்று ஒரு பெயரோடு அதைத் திருப்பிக் கொடுப்பதைவிட, அதைப் பெறாமலே இருந்திருக்கலாம். சாப்பிட்டு முடித்து, பழைய தினசரிக் காலண்டர் தாள்களைக் கிழித்து, என் நோட்டைப் பார்த்து ஒரு தாளுக்கு ஒரு வீடு என்று பெயரையும் தொகையையும் எழுதித் தரையில் வரிசையாக வைத்தேன். நடுவீட்டைக் கண்டுபிடிக்க எப்போதும் செய்கிற வேலைதான். ஆனால் இங்கே நடுவீடு என்று ஒன்றைக் கையில் எடுக்க முடியவில்லை. எந்தத் தாளை எடுத்தாலும் நடுவீடு.

வரிசையின் தொடக்கத்தில் மட்டும், தொகை குறைந்த அந்தச் சில வீடுகள். அவற்றைக் கூர்ந்து பார்த்தேன். எல்லாமே சரிபாதி. மற்ற வீட்டுத் தொகையில் மிகச் சரியாகப் பாதி. பெயர்களைப் படித்தேன். எல்லாம் பெண் பெயர். கணவன் இறந்துபோன, வளர்ந்த ஆண்பிள்ளை இல்லாத வீடுகள். ஒருத்திக்குக் காரை வீடு, இன்னொருத்திக்குத் தகரக் கொட்டகை. இரண்டுக்கும் ஒரே பாதி. வறுமை இப்படிச் சரிபாதியாக வராது. இதை யாரோ வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

விடிந்ததும் பஸ் ஏறினேன். நேராகப் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். ஐம்பது வயதிருக்கும். புருஷன் இறந்த பிறகு தனியாளாக வெள்ளாடு வளர்க்கிறவர். முந்தின தடவை நான் போனபோது பாதித் தொகையைச் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது அவர் ஒருவர்தான். மற்றவர்கள் சாதாரணமாகச் சொன்னார்கள். இவருக்கு அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது எனக்கு நினைவிருந்தது.

மழைக்கு ஆடுகளை வெளியே விடவில்லை. கருவேலங்காயைக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் ஒரு கை அள்ளிப் போட்டேன். பிறகு கேட்டேன். ஏன் பாதி?

"கொடை வரி எப்படியோ அப்படித்தான் டீச்சர்," என்றார். "முழு வரிக்காரங்க ஊர்த் தொகையைச் சொல்லணும். நாங்க அரை வரி. பாதியைச் சொல்லணும்."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. அந்த ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். கல்யாணமான ஆண் இருக்கிற குடும்பம் ஒரு தலைக்கட்டு. பணக்காரன், ஏழை என்று பார்க்காமல் எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே வரி. ஆண் இல்லாத வீட்டுக்கு அரை வரி. முந்தின வருடம் வேறு யாரோ ஊருக்குள் வந்து வருமானம் கேட்டுப் போயிருக்கிறார்கள். அதன் பிறகு சில வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றுவிட்டது. நீ என்ன சொன்னாய், நான் என்ன சொன்னேன் என்று வீட்டுக்கு வீடு சண்டை. கோயில் வாசலில் கூட்டம் போட்டு, இனி யார் வந்து கேட்டாலும் ஊருக்கு ஒரு தொகை என்று முடிவு செய்துவிட்டார்கள். வருமானம் கேட்டாலும் அவர்களுக்கு அது தலைக்கட்டு வரி மாதிரிதான். எல்லோருக்கும் சமமாகப் பிரித்தார்கள். பிரிக்கும்போது பழைய பழக்கத்தில் அரை வரிக்காரர்களுக்குப் பாதியாக்கிவிட்டார்கள்.

"அவரு இருக்கும்போது முழு வரிதான் குடுத்தோம்," என்றார் பேச்சியம்மாள். "அவரு போன மறுவருசமே அரையாக்கிட்டாவ. ஒனக்குச் சலுகைன்னு சொன்னாவ. கிடா வெட்டிக் கறி பிரிக்கும்போது பாத்தா எனக்கு அரைக்கூறு. கூட்டத்துல வாயத் தொறந்தா அரை வரிக்கு என்ன பேச்சுங்காவ. யாரு கேட்டா இவிய சலுகைய?"

ஆடு ஒன்று அவர் சேலை முந்தானையைக் கடித்து இழுத்தது. அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒங்க கணக்குல நான் முழுசா, பாதியா?"

"முழுசு," என்றேன். "எங்க கணக்குல ஓர் அடுப்பு ஒரு வீடு. ஆம்பளை இருக்காங்களா இல்லையான்னு கேக்கவே மாட்டோம். வரிசைல டிராக்டர் வீட்டுக்கு ஓர் இடம்னா ஒங்களுக்கும் ஓர் இடம்."

அவர் கூடையைக் கீழே வைத்தார். பிறகு தன் வருமானத்தைச் சொன்னார். குட்டி எத்தனை ஈன்றது, எட்டயபுரம் சந்தையில் கிடா என்ன விலைக்குப் போனது, எரு என்ன கொடுத்தது என்று ஒவ்வொன்றாக. கூட்டினால் ஊர்த் தொகையைவிடக் கூடுதலாக வந்தது.

நான் உடனே நம்பிவிடவில்லை. பாதி பாதி என்று கேட்டுக் கேட்டு மனம் புண்பட்டவர் ஒரேயடியாகக் கூட்டிச் சொல்லவும் கூடும். கிளம்புகிற சாக்கில் தொழுவுக்குப் பின்னால் போய்க் குவியலைப் பார்த்தேன். எரு எப்போது விற்றீர்கள் என்று கேட்டேன். சொன்னார். கணக்கு ஒத்துவந்தது.

அன்றைக்குச் செருப்பைக் கழுவவில்லை. இரண்டு பாதத்திலும் கரிசல் அப்பியிருக்க அலுவலக வாசலில் நின்றுகொண்டு சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். பேச்சியம்மாள் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே போய்ப் பலசரக்குக் கடையில் கொடை வரியைப் பற்றி மட்டும் விசாரியுங்கள், அரை வரி வீடுகள் எவை எவை என்று கேளுங்கள், அந்தப் பெயர்களும் என் படிவத்தில் பாதி எழுதியிருக்கிற பெயர்களும் ஒத்துப்போகிறதா பாருங்கள் என்றேன். நான் ஊராருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தால், படிவம் கொடுத்த அன்றைக்கே யார் அரை வரி என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர் என் முகத்தை முதல்முறையாக நேராகப் பார்த்தார். பிறகு செருப்பைப் பார்த்தார்.

"கழுவிட்டு உள்ள வாங்கம்மா," என்றார். "டைல்ஸ் வழுக்கும்."

மறுநாள் போய் விசாரித்தார். வரி விஷயம் என்பதால் கடை அண்ணாச்சி உற்சாகமாக ஒவ்வொரு பெயராக ஒப்பித்திருக்கிறார். ஒரு பெயர் பிசகவில்லை. சார் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. அந்த ஊருக்கு மட்டும் சுருக்கப் படிவத்தைத் தள்ளிவிட்டு, பழைய நீளப் படிவத்தோடு என்னையே மறுபடி அனுப்பினார். சாக்கும் லாரியும் குட்டியுமாகக் கேட்டபோது ஊர்த் தொகை உடைந்து, வீடுகள் அவரவர் இடத்துக்குப் போய் நின்றன. நடுவீடு யாருடையது என்று சொல்லமாட்டேன். பேச்சியம்மாளுடையது இல்லை. அவர் அதற்கு மேலே நின்றார். அடுத்த வருடத்திலிருந்து அந்த ஊர் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

இப்போது நான் கனகாவிடம் கேட்ட கேள்வி என்ன என்று விளங்கும். எத்தனை வீட்டில் சரிபாதி வந்தது என்று கேட்டேன்.

"பாதியா? பாதின்னு ஒண்ணும் வரல அக்கா. அம்புட்டு வீட்டுலயும் ஒண்ணுதான்."

ஊரார் சொல்லி எழுதியிருந்தால் அதில் அரை வரி வீடுகள் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அவள் வீட்டுக்குப் போகவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறவளுக்குத்தான் பாதி தெரியாது. அழுகிற குரலை மட்டும் வைத்து ஒருவரை நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. மறுநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் செருப்பைப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது அந்த ஊர்வரைக்கும் தார்ரோடு. செருப்பு ஒன்றும் சொல்லாது. என்னக்கா பேசாம வாரீங்க என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

பேச்சியம்மாள் தலை நரைத்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். கனகாவைக் காட்டி, இந்தப் பிள்ளை உங்கள் வீட்டுக்கு வந்தாளா என்று கேட்டேன்.

"வந்தாளே. தண்ணி கேட்டா. செம்பை வாசல்லயே வச்சிட்டுப் போயிட்டா, கோழி தட்டிவிட்டுட்டு."

"வருமானம் என்ன சொன்னீங்க?"

"ஊர்த் தொகைதான்."

"பாதியா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"என்னத்துக்குப் பாதி? நான் இப்ப முழு வரில்லா."

சொன்னார். ஒரு கொடைக்கு, அரை வரி வீட்டுப் பெண்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு, முழு வரிப் பணத்தோடு கோயில் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். வரி வாங்குகிறவர்கள் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், இவர்கள் வாங்கவில்லை. வாங்காமல் எழுந்திருக்கவும் இல்லை. பொம்பளை எப்படி ஒரு தலைக்கட்டு ஆவாள் என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஓர் அடுப்பு ஒரு வீடுன்னு கணக்கெடுக்க வந்தவளே எழுதிட்டுப் போயிருக்கா, அங்கன நாங்க முழுசு, இங்கன மட்டும் என்ன பாதின்னு கேட்டேன்," என்றார் பேச்சியம்மாள். "நீதானட்டி சொன்ன."

நான் சொன்னதுதான். கனகாவை அப்போதுதான் நேராகப் பார்த்தேன். ஒன்றும் புரியாமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீடு வீடாகத்தான் போயிருக்கிறாள். பாதி வராதது அவள் பொய்யால் இல்லை. நான் சந்தேகப்படாமல் அவளுக்காக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால் எனக்கு இது தெரியாமலே போயிருக்கும்.

பேச்சியம்மாளிடம், கனகாவின் வேலை போகப்போகிறது, உங்கள் உண்மையான வருமானத்தை மட்டும் சொன்னால் போதும், நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். முன்னே ஒருமுறை சொன்னவர்தானே என்ற தைரியம்.

தலையை ஆட்டிவிட்டார்.

"அப்ப நான் அரை வரி, சொன்னேன். இப்ப நான் முழு வரி. ஊர்த் தொகைதான் என் தொகை."

கனகாவின் கண் கலங்கியது. பேச்சியம்மாள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, ஒன் ஆபீசரைக் கூப்பிடு, நான் பேசுதேன் என்றார். சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனோம். எடுத்தவர் சண்முகவேல் சாருக்குப் பிறகு வந்த மேற்பார்வையாளர், சென்னையில் இருக்கிற இளைஞர். போனைக் கனகா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"சார், இந்தப் புள்ள ஒண்ணும் தானா எழுதல," என்றார் பேச்சியம்மாள், எதிரில் ஆள் நிற்பது போல. "வெயில்ல வந்து வீடு வீடா நின்னா. நாங்கதான் எல்லாரும் ஒண்ணு போலச் சொன்னோம். கூட்டத்துல பேசி வச்சது. கோவம்னா எங்க மேல கோவிச்சுக்கோங்க."

அவர் மரியாதையாகவே கேட்டார்.

"சரிம்மா. அப்போ உங்க வீட்டு வருமானம் நிஜமா எவ்வளவு?"

"கூட்டத்துல கேட்டுச் சொல்லுதேன் சார்."

கனகா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கமும் ஒரு சிரிப்புக் கேட்ட மாதிரி இருந்தது, சத்தியம் செய்யமாட்டேன். திங்கட்கிழமை டேப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், நீளப் படிவத்தை அதில் ஏற்றித் தருகிறேன், அந்த ஊரை நீங்களே மறுபடி எடுங்கள் என்று கனகாவிடம் சொல்லிவிட்டு வைத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, நீளப் படிவம் என்றால் என்ன என்று பேச்சியம்மாள் கேட்டார். ஒவ்வொன்றாகக் கேட்பார்கள் என்றேன்.

"ஆட்டையுமா?"

"ஆட்டையும்தான்."

கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப சாயங்காலம் வராதட்டி," என்றார் கனகாவிடம். "காலைல நேரஞ்செண்டு, வெயிலேறுன பொறவு வா. ஆடெல்லாம் மேயப் போயிருக்கும்."

சரி என்று கனகா தலையாட்டினாள். சொல்லிக்கொண்டு கிளம்பினோம். தொழுவைத் தாண்டும்போது நான் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கனகாவின் செருப்புச் சத்தம் பின்னால் நின்றது. பின்பக்கம் எட்டிப்பார்த்துவிட்டு ஓடி வந்து, பேச்சியம்மாளுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அக்கா, புழுக்கை இடுப்பளவு கிடக்கு."